சூப்பர்சார்ஜர் லெவினுக்கு எந்த ஹெடர்?

பண்டாரவளைக்காரன்
என்னிடம் இருப்பது ஏஇ101 கொரோலா லெவின். 4ஏ-ஜிஇசட்இ எஞ்சின், 1587 சிசி, எஞ்சின் பட்டியால் சுற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரை டொயோட்டாவே பொருத்தித் தந்தது. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்பு மெனிபோல்டில் வெடிப்பு விழுந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கீழ் லயத்து நாய்கள் எல்லாம் எழுந்துவிடுகின்றன. எப்படியும் மாற்ற வேண்டும், சிலிண்டருக்கொரு தனிக் குழாய் வைத்த ஹெடராகவே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். நான்கு குழாயும் ஓரிடத்தில் சேரும் நான்கு-ஒன்றா, இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் நான்கு-இரண்டு-ஒன்றா? வார நாட்களில் வெலிமடை, அப்புத்தளை ஓட்டம். ஏப்ரலில் நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டியில் ஒரு தடவையாவது ஓடிப் பார்க்க ஆசை.

நானுஓயா வளைவு
நான்கு-இரண்டு-ஒன்று. இந்த எஞ்சினின் சிலிண்டர்களில் எரிபொருள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றையும் நான்கையும் ஒரு சோடியாக, இரண்டையும் மூன்றையும் மறு சோடியாக இணைத்தால், சோடிக்குள் ஒரு புகையடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே முழுதாக ஒரு சுற்று இடைவெளி கிடைக்கிறது. ஒன்றின் வழியை மற்றது மறிப்பதில்லை. பலன் நடுத்தரச் சுழற்சியில் தெரியும். ரம்பொடைக் கொண்டையூசி வளைவிலிருந்து இரண்டாம் கியரில் வெளியே வரும்போது எஞ்சின் இருப்பது அங்கேதான்.

கம்பளை இரும்பு
தம்பி சொல்வது சாதாரண எஞ்சினுக்குப் பொருந்தும். இங்கே காற்றை உள்ளே தள்ளுவதற்கென்றே ஒரு இயந்திரம் இருக்கிறது. இழுத்துக் கொடுக்க ஹெடரின் தயவு எதற்கு? இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் கணத்தில் இழுப்பு கூடினால், பட்டி பாடுபட்டுச் சுற்றி அழுத்திய காற்று நேராகப் புகைக்குழாய்க்குள் போய்விடும். நமக்கு வேண்டியது தடையில்லாத வழி, அவ்வளவுதான். நான்கு-ஒன்றில் இணைப்புகள் குறைவு, வெடிப்பு விழும் இடங்களும் குறைவு.

நானுஓயா வளைவு
அண்ணன் ஒன்றை மறந்துவிட்டார். இந்த எஞ்சினில் சூப்பர்சார்ஜருக்கு மின்காந்தக் கிளட்ச் உண்டு. இலேசாக ஓட்டும்போது அது விடுபட்டுவிடும். அந்த நேரத்தில் இது வெறும் 1.6 லீற்றர் எஞ்சின். இன்னொன்று, சிலிண்டரில் தங்கும் சூடான பழைய புகையை நன்றாகத் துடைத்தெடுத்தால், எரிபொருள் கட்டுப்பாடின்றி எரிந்து எஞ்சின் தட்டுவதும் குறையும்.

கம்பளை இரும்பு
ரம்பொடை ஏற்றத்தில் அந்தக் கிளட்ச் எங்கே விடுபடுகிறது? இறக்கத்துக்கா ஹெடர் போடுகிறோம்?

கண்டி மணிமுள்
இரண்டும் வேண்டாம். நான் வேறொரு சூப்பர்சார்ஜர் காருக்கு ஹெடர் போட்டேன். உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மானி இருந்ததைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கியது. காசு கொடுத்து பூஸ்டைக் குறைத்துக்கொண்டேன்.

லிந்துலைப் பற்றவைப்பு
மணிமுள் ஐயா, குறைந்தது பூஸ்ட், காற்று அல்ல. இந்த வகை சூப்பர்சார்ஜர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே கனவளவு காற்றைத் தள்ளுகிறது. போகும் வழி அடைத்துக்கொண்டிருந்தால் முள் ஏறும், திறந்தால் இறங்கும். போதாததற்கு நீங்கள் எந்த ஊரில் பார்த்தீர்கள் என்பதும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே இல்லை. கொழும்பில் 8 பிஎஸ்ஐ காட்டும் மானி அங்கே ஆறரை அளவில் நின்றால் அதற்காக ஹெடரைத் திட்டக் கூடாது.

பண்டாரவளைத் தம்பி பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இந்தக் காரில் எரிபொருளைக் கணக்கிடும் கணினி, எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயின் அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. ஹெடர் போட்டதும் அழுத்தம் இறங்கும், பெற்றோலும் குறையும். ஆனால் சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்திருக்காது. பிஸ்டன் உருகுவது இப்படித்தான். முதலில் காற்று-எரிபொருள் விகித மானியைப் பொருத்தி, கணினியைச் சரிசெய்து, 95 ஒக்டேன் ஊற்றிவிட்டு அப்புறம் குழாய்களை எண்ணுங்கள்.

வேலையைப் பற்றியும் சொல்கிறேன். ஹெடரை எஞ்சினோடு முறுக்கும் ஃபிளாஞ்ச் 10 மிமீ தகடாக இருக்கட்டும். அதைப் பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றில் முறுக்கிவைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாழைப்பழம்போல் வளைந்துவிடும். ஸ்டெயின்லெஸ் என்றால் பற்றவைக்கும்போது குழாய்க்குள்ளும் ஆர்கன் வாயு விடச் சொல்லுங்கள். அப்படி விடாத பற்றவைப்பை உள்ளே விரல்விட்டுத் தடவிப் பாருங்கள், கருகிய சீனிபோல் பொருபொருவென்று இருக்கும். வெடிப்பு அங்கிருந்துதான் ஓடும். வெப்பத்துணி சுற்றவே வேண்டாம். நம் மூடுபனியில் அது நனைந்தால் காய்வதில்லை, சாதா இரும்பு உள்ளுக்குள்ளேயே துருவாகிவிடும்.

கம்பளை இரும்பு
எல்லாம் சரி, பாஸ். எந்த ஹெடர் என்று கடைசிவரை சொல்லவில்லையே?

லிந்துலைப் பற்றவைப்பு
இரண்டையும் செய்து கொடுத்திருக்கிறேன். காருக்குக் கீழே படுத்துப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

பண்டாரவளைக்காரன்
இன்று காலை நானே படுத்துப் பார்த்தேன். என் காரில் புகைவழி எஞ்சினின் முன்பக்கம். குழாய், எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்கு அடியால்தான் பின்னே போக வேண்டும். சம்புக்கும் தரைக்கும் நடுவே என் ஒரு சாண்கூட இல்லை. நான்கும் சேரும் தடித்த முடிச்சை அங்கே வைத்தால், எங்கள் தோட்டத்துப் பாதையின் முதல் கல்லிலேயே அடிபடும். நான்கு-இரண்டு-ஒன்றில் இரண்டு குழாய்கள் பக்கம் பக்கமாகத் தட்டையாகப் போய்விடும். அதையே செய்கிறேன், கணினி வேலை முடிந்த பிறகு. வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை இருப்பதால் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைக் கழற்றப் போவதில்லை.

நானுஓயா வளைவு
சொன்னேன் அல்லவா!

கம்பளை இரும்பு
நீங்கள் சொன்ன காரணம் ஒன்று, வென்ற காரணம் வேறு. கல்லுக்கு நன்றி சொல்லுங்கள்.