டீ.ஜீ.ஏ. கருவியில் (சூடாக்கிக்கொண்டே திணிவை நிறுக்கும் கருவி) வெப்பக்கவசப் பொருட்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கொட்டாஞ்சேனைக்காரன்:
எனக்கு வந்தது சிலிக்கா நாரில் பினோலிக் பிசின் ஏற்றிய துண்டு. தான் கருகி உள்ளே இருப்பதைக் காக்கிற வகை. 2006இல் வால்வெள்ளித் தூசியோடு திரும்பிய ஸ்டார்டஸ்ட் விண்கலத்தின் கவசமும் பினோலிக்தான், அதில் நார் மட்டும் காபன். பத்து மில்லிகிராம் அளவில் நறுக்கி, நைதரசன் ஓடவிட்டு, நிமிடத்துக்கு 10 பாகை வீதம் 900 வரை சூடாக்கினேன். 150 பாகைக்குள்ளேயே திணிவு இறங்கியது. பொருள் பழுதோ என்று அனுப்பியவர்களுக்குச் சந்தேகம். பழுதெல்லாம் இல்லை, கொழும்புக் காற்று! பினோலிக் ஈரத்தை இழுக்கும். 105 பாகையில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவிட்டு ஓட்டியதும் அந்தப் படி அநேகமாகக் காணாமற்போனது. 300க்கு மேல் தொடங்கும் பெரிய இறக்கம்தான் பிசின் உண்மையில் உடைவது.

நைதரசனில் பினோலிக் பிசின் ஏறத்தாழப் பாதி கரியாக மிஞ்சும். காற்றில் ஓட்டினால் கரியும் எரிந்து சிலிக்கா மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். சிரட்டையை மூடிச் சுட்டால் கரி, திறந்துவிட்டால் சாம்பல், அதே கதைதான். துண்டில் பிசின் எவ்வளவு என்பதை அப்படித்தான் எடுத்தேன்.

ஒரே வீதத்தில் ஓட்டிய திணிவு வளைவை யாராவது நீட்டினால் நான் நம்புவதில்லை. வேகமாகச் சூடாக்கினால் முழு இறக்கமும் மேல் வெப்பநிலைக்கு நகரும். 5, 10, 20 என்று மூன்று வீதமாவது இருந்தால்தான் ஏவற்சக்தியை (பிசின் உடையத் தொடங்கத் தேவையான சக்தி) பற்றிப் பேசலாம். வளிமண்டல நுழைவில் சூடேறும் வேகம் இதைவிடப் பன்மடங்கு, அது வேறு.

தெஹிவளை அக்கா:
தம்பி, துண்டு வைக்கும் கிண்ணத்தை வெறுமையாகவும் ஓட்டி, அந்த வளைவைக் கழித்தீர்களா? சூடேற ஏற வாயுவின் அடர்த்தி குறையும், மிதப்பும் குறையும், திணிவு கூடியது போலக் கருவி காட்டும். பத்து மில்லிகிராமில் அது சின்ன விஷயம் இல்லை. எங்களுக்கு 2022 மின்வெட்டுத்தான் பெரிய தலையிடி. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம். 5 பாகை வீதத்தில் 900க்குப் போகவே மூன்று மணித்தியாலம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் பாதி கருகிய துண்டை மறுபடி ஓட்டிப் பயனில்லை, புதிதாகத்தான் நறுக்க வேண்டும்.

வெள்ளவத்தைப் பொடியன்:
நாங்கள் வேறு விதம். யாரோ அலுமினா என்ற பீங்கான் வகைக் கிண்ணத்துக்குப் பதில் அலுமினியக் கிண்ணத்தை வைத்து, 900 கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். 660இல் அது உருகித் தாங்கியோடு ஒட்டிக்கொண்டது. புதுத் தாங்கி வரும்வரை எல்லோருக்கும் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற வேலைதான்.