புதுப்பிப்பு: மகளின் வீட்டுக்கல்வி, ஒரு வருடம் கழித்து

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்ற மகள் வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியுமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுத உதவும் என்ஐஓஎஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) வழியைச் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 14 வயது நிறைந்ததும் பதிந்துவிட்டோம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், மனையியல் என ஐந்து பாடங்கள். ஐந்து வருடத்துக்குள் தேர்வெழுத ஒன்பது வாய்ப்பு இருப்பதால், இந்த ஏப்ரலில் தமிழும் மனையியலும் மட்டும் எழுதினாள். மற்றவை அக்டோபரிலிருந்து.

முதல் மூன்று மாதம் பள்ளி அட்டவணையையே வீட்டில் வைத்தேன். தினமும் அழுகை. அதை விட்டபிறகுதான் அவள் முகம் தெளிந்தது. ஒருநாள் இட்லிக்கு நனைக்கும்போது, "அரிசி நாலு, உளுந்து ஒண்ணுன்னா, ஏழு டம்ளர் அரிசிக்கு எவ்வளவும்மா?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்து, "ஒண்ணே முக்கால்" என்றாள். விகிதத்தைக் கண்டாலே புத்தகத்தை மூடிய பிள்ளை! அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம், பதியப்போகிறவர்களுக்கு: ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்) 20 சதவீத மதிப்பெண் உண்டு. கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.