புதுப்பிப்பு: டென்னிஸ் பந்து கிரிக்கெட் அரையிறுதி முடிந்தது, கணிப்பு பாதி பலித்தது

போன வாரம் இதே இழையில், "சேஸ் பண்ற (ரெண்டாவதா பேட் பண்ற) டீம்தான் ஜெயிக்கும், ஒரு ஓவர் மிச்சம் வச்சே முடிச்சிடும்"னு அடிச்சுச் சொல்லியிருந்தேன். ஜெயிச்சது சேஸ் பண்ண டீம்தான். ஆனா கடைசி பந்து வரைக்கும் இழுத்துடுச்சு.

காத்தை நான் கணக்குல எடுக்கல. டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்ல. கிரிக்கெட் பந்து 155.9லேருந்து 163 கிராம். எதிர்காத்துல தூக்கி அடிச்ச மூணு ஷாட் அந்தரத்துல நின்னு, லாங்-ஆன்ல (பவுலருக்குப் பின்னாடி, எல்லைக்கோட்டுப் பக்கம்) நின்னவன் கையில நேரா போய் விழுந்துச்சு.

இனி எல்லாரும் சண்டை போடுற விஷயம். 11வது ஓவர்ல பவுலர் ஓடி வந்து, பந்தை விடாம ஸ்டம்ப் மேல இருக்கிற பெயில்ஸைத் தட்டிட்டாரு. நான்-ஸ்ட்ரைக்கர் (பவுலர் பக்கம் நிக்கிற பேட்ஸ்மேன்) பேட் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி இருந்துச்சு. நானே பக்கவாட்டுல உக்காந்து பார்த்தேன். "ஏமாத்து வேலை"ன்னு கத்தினவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: 2022 அக்டோபர்லேருந்து, கிரிக்கெட் விதிகளை எழுதுற எம்.சி.சி. இதை முறையற்ற ஆட்டம்ங்கிற 41வது விதியிலேருந்து எடுத்து, ரன் அவுட்டுக்கான 38வது விதியில வச்சிருக்கு. அந்த பவுலர் பையன் பண்ணதுல துளியும் தப்பில்ல. தோத்துட்டு அழுதுட்டே போனான், அவனைப் போய் இன்னும் திட்டாதீங்கப்பா.

ஃபைனலுக்கு என் கணிப்பு: மறுபடியும் சேஸிங் டீம்தான். ஆனா காத்து அடிச்சா, தரையோட தட்டி ரெண்டு ரெண்டா ஓடுறவங்க பக்கம்தான் நான். மாற்றுக்கருத்து இருந்தா டாஸுக்கு முன்னாடியே எழுதிடுங்க!