மாக்னா கார்ட்டாவுக்கு இவ்வளவு ஆரவாரம் எதுக்கு?

வைகைக்கரையான்:
1215-ல ரன்னிமீட் புல்வெளியில இங்கிலாந்து மன்னன் ஜான் பிரபுக்களுக்குப் பணிஞ்சு முத்திரை வச்ச மாக்னா கார்ட்டாங்கிற உரிமைச் சாசனத்தைத்தான் ஆளாளுக்குத் தூக்கிப் பிடிக்கிறாங்க. சட்டத்துக்கு அஸ்திவாரம் போட்டது அவன் அப்பன் இரண்டாம் ஹென்றி. எவனாவது உங்க நிலத்தைப் பிடுங்கிட்டானா? அரசர் பேர்ல ரிட், அதாவது எழுத்து மூல ஆணை, வாங்குங்க. ஷெரிஃப்ங்கிற அரசரோட உள்ளூர் அதிகாரி அக்கம்பக்கத்துல 12 பேரைத் திரட்டுவார். நீதிபதி அவங்ககிட்ட கேக்கிறது ஒண்ணுதான்: தீர்ப்பு இல்லாம இவனை வெளியேத்தினாங்களா? பரம்பரைப் பாத்தியதை யாருக்குங்கிற பஞ்சாயத்தெல்லாம் அப்புறம். நாடு முழுக்க ஒரே மாதிரி செல்லுற பொதுச் சட்டம் இங்கேதான் வேர் விட்டுச்சு.

மலைக்கோட்டை:
அதே ரிட்டை மகன் ஜான் என்ன செய்தான் நண்பரே? 1204-ல் பிரான்சில் அவன் வசமிருந்த நார்மண்டி கைவிட்டுப் போனது. மீட்கப் பணம் வேண்டும். வழக்கை நடத்தவும் காசு, இழுத்தடிக்கவும் காசு. நீதியை விற்க மாட்டோம், மறுக்க மாட்டோம், தாமதிக்க மாட்டோம் என்று சாசனத்தின் 40-ஆம் பிரிவு சும்மா வரவில்லை.

வைகைக்கரையான்:
18-ஆம் பிரிவையும் படிங்க சார். நில வழக்கு விசாரிக்க ஒவ்வொரு கவுண்டிக்கும் (மாவட்டத்துக்கும்) வருஷத்துக்கு 4 தடவை நீதிபதிகளை அனுப்பணும்னு பிரபுக்களே கேக்கிறாங்க. ஹென்றி சரக்கு இன்னும் வேணும்னு அர்த்தம்! சாசனத்தோட ஆயுசு என்ன? ஜூன்ல முத்திரை, ஆகஸ்ட்ல போப் மூன்றாம் இன்னசென்ட் செல்லாதுன்னுட்டார்.

மலைக்கோட்டை:
1216-லேயே திரும்ப வந்ததே! ஜான் செத்த அடுத்த மாதம், 9 வயது மூன்றாம் ஹென்றியின் பெயரில். 1225-ல் வந்த வடிவம்தான் நிலைத்தது. அசையும் சொத்தில் 15-ல் ஒரு பங்கு வரி கொடுத்து வாங்கியது அது. வரி வேண்டுமா, குறையைக் கேள். பின்னால் பார்லிமெண்ட் இந்தப் பேரத்தில்தான் வளர்ந்தது. உங்கள் ரிட்டுகளில் அரசன் மேலேயே வழக்குப் போட ஒன்றாவது உண்டா? காட்டுங்கள்.

நெல்வயல்:
ரெண்டு பேரும் வில்லெயின்னு சொல்ற பண்ணையடிமைகளை மறந்தாச்சு. ஆண்டை நிலத்தைப் பிடுங்கினா வில்லெயினுக்கு அந்த ரிட் கிடையாது. சட்டப்படி தீர்ப்பில்லாம சிறை கூடாதுன்னு சொல்ற 39-ஆம் பிரிவும் சுதந்திரக் குடிகளுக்குத்தான்.

மலைக்கோட்டை:
20-ஆம் பிரிவு இருக்கிறதே. அபராதம் போட்டாலும் வில்லெயினின் உழவுப் பிழைப்பில் கை வைக்கக் கூடாது.

வைகைக்கரையான்:
அது அரசர் போடுற அபராதத்துக்கு சார். ஆண்டை தன் பண்ணை நீதிமன்றத்துல தீட்டுறதை அது தொடல. நெல்வயல் சொல்றது நியாயம்தான். ஆனா நான் அடிமை இல்லன்னு நிரூபிக்கவே ஹென்றி காலத்துல தனியா ஒரு ரிட் இருந்தது. அதையும் கணக்குல வைங்க.

நெல்வயல்:
காசு இருக்கிறவனுக்கு.