8க்கு 12 பிரிண்ட்ல கோடு கோடா வருது, ரெசல்யூஷன் ஏத்தியும் சரியாகல (அவசரம்)

குடியாத்தம் ஸ்டுடியோ:
நாளைக்குக் காலைல கல்யாண ஆல்பம் குடுக்கணும். 8க்கு 12 இன்ச் பிரிண்ட்ல முகத்து மேல படுக்கை வசத்துல மெல்லிசா கோடு விழுது. ஆரணிப் பட்டோட ஜரிகையெல்லாம் மழுங்கிப் போய் வருது. ரெசல்யூஷன் 1440 வரைக்கும் ஏத்திட்டேன், ஒரு மாத்தமும் இல்ல. யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

காட்பாடி பிரிண்ட்ஸ்:
எந்த பிரிண்டர்ணா? என்ன தாள், எத்தனை ஜிஎஸ்எம் (தாளோட கனம்)? டிரைவர்ல (கம்ப்யூட்டர்ல பிரிண்டர் செட்டிங் வர்ற இடம்) பேப்பர் டைப் எதுல இருக்கு? நாசில் செக் (மை வர்ற ஓட்டையெல்லாம் சரியா அடிக்குதான்னு பார்க்கிற டெஸ்ட் பிரிண்ட்) எடுத்தீங்களா? 1440ஐ எங்க வெச்சீங்க, டிரைவர்லயா போட்டோஷாப்லயா? இதெல்லாம் தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

வாலாஜா:
இது வெயில்தாங்க. இந்த ஊர் சூட்டுக்கு ரெண்டு நாள் ஓட்டாம வெச்சாலே ஹெட்ல, அதாவது மை தெளிக்கிற பாகத்துல, மை காஞ்சிடும். பவர் இங்க் ஃப்ளஷிங் போட்டு விடுங்க.

காட்பாடி பிரிண்ட்ஸ்:
எடுத்த எடுப்புல அதைப் போடாதீங்க. டியூப்ல இருக்கிற மை மொத்தமும் கழிவு மையை உறிஞ்சற பேடுக்குப் போயிடும். டேங்க்ல மூணுல ஒரு பங்குக்குக் கீழ மை இருந்தா காத்து வேற உள்ள ஏறும். முதல்ல நாசில் செக். அதுல எங்கயாவது விட்டுப் போயிருந்தா சாதா கிளீனிங், திரும்ப செக். ரெண்டு மூணு முறைக்கு மேல வேண்டாம். வரலேன்னா ராத்திரி முழுக்கச் சும்மா விட்டுட்டு காலைல பாருங்க.

ஆற்காடு கலர் லேப்:
இதே கேள்விக்கு இங்க எத்தனை முறை பதில் எழுதியாச்சு. பழசைத் தேடிப் படிக்கிற பொறுமை கிடையாது, ஆனா ஆறு கலர் மெஷின் வேணும். 5760க்கு 1440ன்னு பெட்டி மேல போட்டிருக்கிறது மைத்துளி விழற இடைவெளி. படத்துல இருக்கிற பிக்சலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒரு பிக்சலோட நிறத்தை உண்டாக்கவே பல துளி வேணும். அடிப்படை இது.

குடியாத்தம் ஸ்டுடியோ:
எப்சன் எல்1800. தாள் 270 ஜிஎஸ்எம் ஆர்சி (பிளாஸ்டிக் பூச்சு குடுத்த போட்டோ தாள்). பேப்பர் டைப் ப்ளெயின்ல இருக்கு. 1440 போட்டோஷாப்ல இமேஜ் சைஸ்ல குடுத்தேன், ஃபைல் 569.5 எம்பின்னு காட்டுது. போட்டோ பார்ட்டி வாட்ஸ்அப்ல அனுப்பினது.

காட்பாடி பிரிண்ட்ஸ்:
இப்ப விஷயம் புரியுது. ரெண்டு கோளாறு ஒண்ணா இருக்கு, தனித்தனியாப் பாருங்க.

ஜரிகை மழுங்கறது ஃபைலால. வாட்ஸ்அப்ல சாதாரணமா வந்த படம் நீளவாக்குல 1600 பிக்சல் அளவுக்குத்தான் இருக்கும். 12 இன்ச்சுக்குப் பரப்பினா இன்ச்சுக்கு 133தான் கிடைக்கும். அதை 1440 ஆக்கினா போட்டோஷாப் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து இட்டு நிரப்புது, புதுசா ஒரு இழைகூட வராது. ஒரிஜினலை டாகுமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. 24 மெகாபிக்சல் கேமரான்னா 4000க்கு 6000 இருக்கும், அது இந்த சைஸுக்குத் தாராளம்.

கோடு விழறது டிரைவரால. எவ்வளவு மை ஊத்தணும், ஹெட் ஒரே இடத்து மேல எத்தனை தரம் போகணும்னு முடிவு பண்றதே பேப்பர் டைப்தான். ப்ளெயின்ல வெச்சா பெஸ்ட் போட்டோ குவாலிட்டியே லிஸ்ட்ல வராது. ஆர்சி தாளுக்கு பிரீமியம் க்ளாஸி வைங்க. குவாலிட்டியை ஏத்தினா ஹெட் பல முறை போகும், ஒரு நாசில் விட்ட இடத்தை இன்னொண்ணு மூடிடும். ஹை ஸ்பீடு டிக்கை எடுத்துடுங்க. அது இருந்தா போகும்போதும் வரும்போதும் அடிக்கும், அலைன்மென்ட் கொஞ்சம் பிசகினாலும் பிசிறு தெரியும்.

சத்துவாச்சாரி:
180 ஜிஎஸ்எம் சாதா க்ளாஸி தாள் போடறவங்க கவனிங்க: அதுக்கும் பிரீமியம் க்ளாஸி வெச்சா கருப்புத் தலைமுடி இருக்கிற இடத்துல மை உறிஞ்சாம தேங்கி நிக்கும். போட்டோ பேப்பர் க்ளாஸியோ, அதைவிட மை கம்மியா ஊத்தறதோ வெச்சு ஒரு 4க்கு 6 அடிச்சுப் பாருங்க.

வாலாஜா:
ஒரிஜினல் வந்ததும் இன்ச்சுக்கு 300 பிக்சல்ல வெச்சுடுங்க, போதும்.

ஆற்காடு கலர் லேப்:
300 வேற பிராண்டு கணக்கு. எப்சன் டிரைவர் படத்தை 360 இல்ல 720க்கு மாத்தித்தான் அடிக்கும். 360 கணக்குல 2880க்கு 4320 பிக்சல்னு நாமே பண்ணிக் குடுத்தா அந்த வேலை நம்ம கையில இருக்கும்.

வாலாஜா:
கையில புடிச்சுப் பார்க்கிற ஆல்பத்துல 300க்கும் 360க்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியப் போவுது?

ஆற்காடு கலர் லேப்:
முகத்துல தெரியாது. ஜரிகைக் கட்டத்துல, சாய்வாப் போற கோட்டுல படிப்படியாத் தெரியும். ரெண்டையும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல அடிச்சுட்டு அப்புறம் பேசுங்க.

சத்துவாச்சாரி:
சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்பா, அவருக்கு நாளைக்கு டெலிவரி. அண்ணா, நாசில் செக்ல மஞ்சள் கண்ணுக்கு லேசுல பிடிபடாது, நீல வெளிச்சத்துல பாருங்க. லைட் மெஜந்தாவை (வெளிர் இளஞ்சிவப்பு மை) விட்டுடாதீங்க. அது ஒண்ணு ரெண்டு விட்டாலே முதல்ல முகத்துலதான் கோடு விழும்.

குடியாத்தம் ஸ்டுடியோ:
லைட் மெஜந்தாதான் மூணு இடத்துல விட்டிருந்துது. ஒரு கிளீனிங்ல வந்துடுச்சு. பேப்பர் டைப் மாத்தினதும் கோடு போயிடுச்சு. ஒரிஜினல் கேட்டிருக்கேன். நன்றி எல்லாருக்கும்.

காட்பாடி பிரிண்ட்ஸ்:
அடிச்ச உடனே ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. லேமினேஷன் உண்டுன்னா பார்ட்டிகிட்ட ஒரு நாள் டைம் கேளுங்க, ஆர்சில ஈரம் முழுசா இறங்க அவ்வளவு ஆகும். 300ல அடிச்சீங்களா 360லயா?