விளாவிக் குளிக்க ஓர் ஆறு

சக்கரவீடு:

சென்ற செப்டம்பரில் 25 அடி ஆர்.வி. (படுக்கை, சமையலறை உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சுற்றினோம். நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. பாய்சியிலிருந்து 21ஆம் எண் நெடுஞ்சாலையில் ஸ்டான்லி வரை சுமார் 130 மைல். பாதி வழியில், லோமன் தாண்டியதும் பயெட் ஆற்றின் தென்கிளைக் கரையில் கிர்க்கம் வெந்நீர் ஊற்றுகள். பாறையிலிருந்து வெந்நீர் சின்ன அருவியாக ஆற்றில் விழுகிறது. சனிக்கிழமை என்பதால் எங்கள் வண்டிக்கு நிறுத்த இடமில்லை. ஜன்னல் வழியாக ஆவியைப் பார்த்துக்கொண்டே கடந்து போனோம்.

ஸ்டான்லி 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்றிரவு வண்டிக்குத் தண்ணீர் தரும் வெளிக்குழாய் உறைந்துவிட்டது. இரவே அதைக் கழற்றி வைத்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. காலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குளிக்காமல் அம்மா காபிகூடக் குடிக்க மாட்டார். "மலை முழுக்க வெந்நீர் ஓடுகிறது என்று கூட்டிக்கொண்டு வந்தாயே" என்றார். வண்டியைக் கிளப்பினேன்.

75ஆம் எண் சாலையில் இருபது கிலோமீட்டர் போனால் சன்பீம் வெந்நீர் ஊற்று. சாலையை ஒட்டி, 1937இல் கட்டிய கல் குளியலறை ஒன்று வெறும் கூடாக நிற்கிறது. அதற்குக் கீழே சால்மன் ஆறு. ஊற்று நீர் சாலைக்கு அடியில் புகுந்து வந்து ஆற்றில் கலக்கும் இடத்தில், யார் யாரோ கற்களை அடுக்கித் தொட்டிகள் அமைத்திருக்கிறார்கள். முதல் தொட்டியில் காலை வைத்து அலறினேன். ஊற்றின் வாயில் வெப்பம் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல்.

பக்கத்துத் தொட்டியில் வைக்கோல் தொப்பியோடு ஒரு பெரியவர் கழுத்தளவு நீரில் இருந்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து, எங்கள் தொட்டியின் ஆற்றுப்பக்கச் சுவரில் தேங்காய் அளவு கல் ஒன்றை எடுத்தார். குளிர்ந்த ஆற்றுநீர் குபுகுபுவென உள்ளே வந்தது. அம்மா முகம் மலர்ந்து சொன்னார்: "விளாவுகிறார்!"

புடவையோடு இறங்கிய அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் குளிர் எடுத்தது. கல்லை எடுத்து மறுபடி அடைத்தார். பெரியவர் தலையை ஆட்டி மறுத்து, எழுந்து வந்து பாதி திறந்தார். அம்மா காலாலேயே கொஞ்சம் நகர்த்தினார். இப்படி ஒரு மணி நேரம். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடத் தெரியாது. சண்டை என்றால் சண்டை, சிரிப்பு என்றால் சிரிப்பு. சீயக்காய்ப் பொட்டலத்தை மட்டும் நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஆற்றில் அதையெல்லாம் கரைக்கக் கூடாது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ரியோகரை:

டெக்சாஸில் பிக் பெண்ட் தேசியப் பூங்கா. அங்குள்ள வெந்நீர் ஊற்றுக்குப் போகும் மண்பாதையில் ஆர்.வி.க்கு அனுமதி இல்லை. ரியோ கிராண்டே வில்லேஜ் முகாமிலேயே வண்டியை விட்டுவிட்டு, பள்ளத்தாக்கின் விளிம்போரமாக மூன்று மைல் நடந்தோம். நிழலே கிடையாது, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். 1909இல் அங்கே குடியேறிய லாங்ஃபோர்ட் என்பவர் கட்டிய குளியல் வீட்டின் அடித்தளம்தான் இன்றைய தொட்டி. 105 டிகிரி பாரன்ஹீட்; விளாவவே தேவையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரியோ கிராண்டே ஆறு ஓடுகிறது. அதன் எதிர்க்கரை மெக்சிகோ. அங்கே ஒருவர் கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கையசைத்தேன், அவரும் அசைத்தார். கடவுச்சீட்டு வண்டியில் இருந்தது.

வாளிக்காரி:

சக்கரவீடு அண்ணா, ஸ்டான்லிக்குப் பக்கத்திலேயே போட் பாக்ஸ் இருக்கிறதே, விட்டுவிட்டீர்களே! ஆற்றங்கரையில் ஒரு பெரிய உலோகத் தொட்டி. குழாய் வழியே வெந்நீர் கொட்டுகிறது. ஆற்றில் வாளியால் மொண்டு ஊற்றித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். நாங்கள் போன அன்று அங்கே வாளி இல்லை. என் கணவர் வண்டிக்கு ஓடி, இட்லி மாவு வைத்திருந்த பாத்திரத்தைக் காலி செய்து கொண்டுவந்தார். மாவு எங்கே போயிற்று என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஒரு எச்சரிக்கை: இத்தகைய நீரில் தலையை முக்காதீர்கள். அரிதானதுதான், ஆனால் மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா உயிர்க்கொல்லி. குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

மலைப்பாதை:

சன்பீமிலிருந்து ஆற்றோடு சிறிது கீழே போனால் உடைந்த அணை தெரியும். 1910இல் சுரங்கத்துக்கு மின்சாரம் தரக் கட்டியது. மீன்களின் வழியை மறித்தது. 1934இல் ஒரு பக்கத்தைத் தகர்த்தார்கள். கடலிலிருந்து சுமார் 900 மைல் எதிர்நீச்சல் போட்டு ஸ்டான்லிக்கு அருகிலுள்ள ரெட்ஃபிஷ் ஏரிக்கு சாக்காய் சால்மன் மீன்கள் வரும் ஆறு இது. இன்னும் கீழே எத்தனையோ அணைகள். 1992இல் அந்த ஏரிக்கு ஒரே ஒரு மீன்தான் வந்து சேர்ந்தது. தொட்டிக்காகக் கல் எடுப்பவர்கள் ஆற்றின் நடுவிலிருந்து எடுக்காதீர்கள். மீன் முட்டையிடுவது அந்தக் கூழாங்கல்லில்தான்.

சக்கரவீடு:

மீன் விஷயம் தெரியாது, நன்றி. வாளிக்காரி அவர்களே, அந்த மாவு எங்கே போயிருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு, சொல்ல மாட்டேன்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அந்தத் தொப்பிக்காரர் கல்லைப் பாதி திறந்தே வைத்திருப்பாரா, முழுவதும் எடுத்திருப்பாரா என்று கேட்கிறார். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகினால் கல்லும் இருக்காது, தொட்டியும் இருக்காது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. "பாதிதான் அம்மா" என்கிறேன்.