தேம்ஸில் நீரோட்டத்தை எதிர்த்துப் போனால் மட்டும் எஞ்சின் கொதிக்கிறது, இப்போது வெள்ள எச்சரிக்கைச் சிவப்புப் பலகையும் போட்டாச்சு – உதவுங்கள்

நதியோடு இருவர் | செவ்வாய், மாலை 6.10

வணக்கம். நானும் என் கணவரும் எங்கள் 57 அடி நேரோபோட்டில் (கால்வாய்க்கென்று கட்டிய ஒடுங்கிய நீளப் படகு) ஐந்து வாரமாகப் பயணத்தில் இருக்கிறோம். இப்போது மேல் தேம்ஸில் ஷிஃபோர்டு லாக்குக்கு (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு) மேலே, காத்திருக்கும் துறையில் கட்டி நிற்கிறோம். நாலு நாளாக மழை விடவில்லை. விவரம் இல்லாமல் கேட்டால் பதில் சொல்வதும் கஷ்டம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

படகைப் பழையதாக இந்த வசந்தத்தில்தான் வாங்கினோம். 38 குதிரைத்திறன், நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். பிரான்ஸ்டனில் கிளம்பி ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் வழியாகத் தேம்ஸுக்கு வந்து, லெச்லேடு வரை ஏறிப் பார்த்துவிட்டு, பிறகு ஆற்றோடு இறங்கி டெடிங்டன், பிரென்ட்ஃபோர்டு, அங்கிருந்து கிராண்ட் யூனியன் கால்வாயில் திரும்ப வீடு. இதுதான் திட்டம். இவர் ஓய்வு பெற்றதிலிருந்து பேசிக்கொண்டிருந்த பயணம் இது.

நேப்டன் லாக்குகளில் ஏறும்போதே பெல்ட் அறுந்தது, தண்ணீர் பம்பும் ஒழுகியது. வழியில் ஒரு படகுத்துறையில் இரண்டையும் மாற்றினார்கள். பான்பரி தாண்டி டீசல் ஃபில்டர் அடைத்தது, தொட்டியில் தண்ணீர் சேர்ந்திருந்தது. அதை இவரே சரி செய்தார். அப்புறம் ட்யூக்ஸ் கட் என்ற இணைப்பு வாய்க்கால் வழியாக ஆற்றுக்குள் வரும்வரை தொந்தரவு எதுவும் இல்லை. கால்வாயில் நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஓட்டுவோம், வெப்பமானி முள் 80 டிகிரியில் அசையாமல் நிற்கும்.

ஆற்றில் ஏறத் தொடங்கினதும் 1800 சுற்று தேவைப்பட்டது. முக்கால் மணி நேரத்தில் முள் 98க்குப் போய், மேலே இருக்கும் சின்னத் தொட்டியிலிருந்து, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் வழிந்துவிட்டது. கரையில் ஒதுங்கி வேகத்தைக் குறைத்தால் பத்து நிமிடத்தில் 85க்கு இறங்குகிறது. மறுபடி வேகம் கொடுத்தால் மறுபடி அதே கதை. ஐன்ஷம் லாக் தாண்டிக் கறுப்புப் புகை வந்தது. ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் மூடியை (வீட் ஹேட்ச்) திறந்து பார்த்தால் ப்ரொப்பெல்லரில் நீல நைலான் கயிறு, ஒரு முழங்கை நீளத்துக்குச் சுற்றி இறுகிக் கிடந்தது. இவர் குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டு, ரொட்டி வெட்டும் கத்தியால் ஒன்றரை மணி நேரம் அறுத்து எடுத்தார். புகை நின்றது, சூடு நிற்கவில்லை.

கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பால் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கிப் பார்த்தோம். 82 டிகிரி பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது.

என் கேள்விகள்:
1. கால்வாயில் நன்றாக ஓடிய எஞ்சின் ஆற்றில் மட்டும் ஏன் கொதிக்கிறது?
2. நேற்று மஞ்சள் பலகை, இன்று காலை சிவப்பு. இங்கேயே இருக்கலாமா? தண்ணீர் ஏற ஏற கயிற்றை எப்படிப் பார்த்துக்கொள்வது?
3. ஏறுவதைக் கைவிட்டு நீரோட்டத்தோடு இறங்கினால் எஞ்சினுக்கு வேலை குறைவுதானே, இப்படியே டெடிங்டன் வரை போய்விடலாம் என்கிறார் இவர். எனக்குப் பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

டீசல்கை | செவ்வாய், இரவு 7.35

அக்கா, முதலில் அந்தப் பால் பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், இனி சமையலுக்கு வேண்டாம். தெர்மோஸ்டாட்டில் ஒட்டியிருக்கும் கூலன்ட் விஷம்.

நீங்கள் சொல்லும் அறிகுறி நேரோபோட்டில் அடிக்கடி வருவதுதான். நம் எஞ்சினில் காரில் இருப்பது போல ரேடியேட்டர் கிடையாது. படகின் பக்கவாட்டுத் தகட்டின் உட்புறம் தட்டையாக ஒரு தொட்டியை வெல்டு செய்திருப்பார்கள், அதற்கு ஸ்கின் டேங்க் என்று பெயர். எஞ்சின் தண்ணீர் அதற்குள் சுற்றும்போது, தகட்டுக்கு வெளியே ஓடும் ஆற்றுத் தண்ணீர் அதைக் குளிரவைக்கும். கால்வாயில் மெதுவாகப் போகையில் எஞ்சின் தன் சக்தியில் கால்வாசி கூடச் செலவழிக்காது, தொட்டி அரைகுறையாக வேலை செய்தாலும் வெளியே தெரியாது. ஆற்றில் எதிர்த்து ஏறும்போதுதான் உண்மையான சூடு பிறக்கிறது.

எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, ஓடும் பெல்ட்டுக்குத் தள்ளி நின்று, ஸ்கின் டேங்கின் உள்பக்கத் தகட்டை மேலிருந்து கீழ்வரை புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி சுடுகிறதா, இல்லை எங்காவது குளிர்ந்து கிடக்கிறதா? நீளம் உயரம் இரண்டையும் அளந்து சொல்லுங்கள். பம்பை மாற்றினபோது கூலன்ட்டை முழுக்க வடித்தார்களா? சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள், முகத்தில் அடிக்கும்.

மூன்றாவது கேள்விக்கு உங்கள் பயம்தான் சரி. நீரோட்டத்தோடு இறங்கும்போது தண்ணீரை விட வேகமாகப் போனால்தான் சுக்கான் பிடிக்கும். வளைவிலோ பாலத்தடியிலோ வியர் (ஆற்றுத் தடுப்பணை) பக்கம் இழுக்கும்போதோ முழு வேகத்தில் பின்னுக்கு எடுக்க வேண்டி வரும். அந்த நேரத்தில் எஞ்சின் 98இல் இருந்தால் என்ன செய்வீர்கள்? டெடிங்டனுக்குக் கீழே கடல் ஏற்றவற்றம் வேறு. முழு வேகத்தை ஒரு மணி நேரம் தாங்காத எஞ்சினோடு அங்கே இறங்க வேண்டாம் என்று அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வல்வைக் கடலோடி | செவ்வாய், இரவு 8.20

அக்கா, எஞ்சின் விசயம் தம்பி வடிவாச் சொல்லிவிட்டார். நான் கயிறைப் பற்றிச் சொல்லுறன்.

நீங்கள் நிற்கிற இடம் நல்ல இடம். ஷிஃபோர்டு லாக்குக்கு 1898இல் தனியா வெட்டின வாய்க்கால் அது, பெரிய ஓட்டம் பழைய ஆற்று வழியால டக்ஸ்ஃபோர்டு பக்கம் சுற்றிப் போகுது. லாக் காவலரிடம் ஒருக்கா கதைத்து, சிவப்புப் பலகை எடுக்கும்வரை நிற்கிறம் என்று சொல்லுங்கோ. சாதாரண நாளில் 24 மணி நேரக் கணக்குப் பார்க்கிற இடத்திலும் வெள்ளத்தில ஒருத்தரும் உங்களைக் கிளப்ப மாட்டினம். சிவப்பு என்றால் எல்லாப் படகும் ஓடாமல் நிற்கச் சொல்லுற அறிவுரை. அதை மீறி ஏதும் நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

கயிறு: முன்னுக்கும் பின்னுக்கும் நீளமா, சரிவாக் கட்டுங்கோ. குறுக்கால, கட்டையா, இறுக்கிக் கட்டினால் தண்ணீர் ஏறேக்க படகின் ஒரு பக்கம் அமிழ்ந்துபோகும். நடுக் கயிற்றை இறுக்கிக் கட்டவே வேண்டாம், அதுதான் படகைச் சரிக்கிற கயிறு. ஏறேக்க இருக்கிற கவனம் வடியேக்கயும் இருக்கட்டும். கரை மூழ்கினபின் படகு கரைக்கு மேலால ஏறி நின்றுவிட்டு, தண்ணீர் இறங்கேக்க அங்கேயே தொங்கிச் சரியும். 2024 ஜனவரியில் ஹெங்க் புயலுக்குப் பிறகு தேம்ஸ் பெருகின நேரம், இரண்டு நீளத் தடியைக் கரைக்கும் படகுக்கும் இடையில முட்டுக் கொடுத்துத்தான் எங்கட படகைக் காப்பாற்றினோம். இரவு மூன்று மணிக்கு ஒருக்கா எழும்பிப் பாருங்கோ. வெளியில போகேக்க இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போடவேணும், கயிறு பார்க்க ஒரு நிமிசம் போறதென்றாலும்.

ஆக்ஸ்ஃபோர்டு மீரா | செவ்வாய், இரவு 9.05

அக்கா, இத்தனை மழையில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு அடுப்பு எரித்துக்கொண்டிருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, பட்டனை அழுத்திச் சோதித்தீர்களா? கட்டி நிற்கும்போது எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் பின்கதவை மூடி வையுங்கள், கூரையில் காற்றுத் துளைகள் அடைபடாமல் இருக்கட்டும்.

மழை நின்ற மறுநாளே பலகை மாறும் என்று அண்ணன் எதிர்பார்க்க வேண்டாம். காட்ஸ்வோல்ட் குன்றுகளின் தண்ணீர் கோல்ன், லீச் ஆறுகள் வழியாக வடிந்து வர நாளாகும். அரிசி பருப்பு எவ்வளவு இருக்கிறது? நான் சனிக்கிழமை நியூபிரிட்ஜ் பக்கம் வருகிறேன், நடைபாதை மூழ்காமல் இருந்தால் கொண்டுவந்து தருகிறேன்.

நதியோடு இருவர் | புதன், மதியம் 1.15

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு உங்கள் பதில்களை இவருக்கு வாசித்துக் காட்டினேன். டெடிங்டன் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. அலாரம் வேலை செய்கிறது மீரா. அரிசி இருக்கிறது, பால்தான் தீர்ந்துவிட்டது.

கயிறுகளை மாற்றிக் கட்டினோம். தண்ணீர் மட்டம் பார்க்க இவர் துடைப்பக் கம்பில் அரை அடிக்கு ஒரு கோடு போட்டுக் கரையோரம் நட்டிருக்கிறார். காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் ஒரு கோடு மூழ்கியது, அதற்குப் பிறகு அப்படியே நிற்கிறது.

இனி டேங்க். எஞ்சின் அறைக்குள் இறங்கித் தொட்டுப் பார்த்தோம். கீழே கை வைக்க முடியாத சூடு. மேலே வர வர, ஒரு இடத்தில் கோடு கிழித்த மாதிரி சட்டென்று குளிர்ச்சி. தண்ணீர் முக்கால் மட்டும் நிறைந்த வெந்நீர்ப் பானையைத் தொட்டால் எப்படி இருக்கும், அதே மாதிரி. குளிர்ந்த பாகம் மேலிருந்து எட்டு அங்குலம். தொட்டி 4 அடி நீளம், 2 அடி உயரம். பம்பு மாற்றினபோது கூலன்ட்டை முழுக்க வடித்துவிட்டுத்தான் நிரப்பினார்கள் என்று ரசீதில் இருக்கிறது.

டீசல்கை | புதன், மதியம் 1.50

அக்கா, கிடைத்துவிட்டது. உங்கள் டேங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கில் காற்று அடைபட்டிருக்கிறது. வடித்து நிரப்பினபோது காற்றை வெளியே எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். காற்று இருக்கும் இடத்தில் தகடு சும்மா கிடக்கும்.

நாலு குதிரைத்திறனுக்கு ஒரு சதுர அடி ஸ்கின் டேங்க் வேண்டும் என்பது படகு கட்டுபவர்களின் பழைய கணக்கு. 38க்கு ஒன்பதரை சதுர அடி வருகிறது. உங்களிடம் இருப்பதே எட்டு. அதிலும் காற்றுப் போக மிச்சம் ஐந்தேகால். 21 குதிரைத்திறனுக்குத்தான் அது தாங்கும். கால்வாய்க்கு அது தாராளம், ஆற்றுக்குப் போதாது.

எஞ்சின் முழுக்க ஆறின பிறகு, டேங்கின் மேல் விளிம்பில், பெரும்பாலும் ஒரு மூலையில், சின்ன போல்ட் இருக்கும். பெயின்ட் மூடியிருக்கலாம், சுரண்டிப் பாருங்கள். கழற்ற வேண்டாம், ஒரு சுற்றுத் தளர்த்தினால் போதும். காற்று சீறும். ஒருவர் போல்ட்டைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் மேல் தொட்டியில் கூலன்ட் ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி இல்லாமல் நீராக வந்ததும் இறுக்குங்கள். வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஆன்டிஃப்ரீஸ் பாதி கலந்தே ஊற்றுங்கள்.

புதுப்படகு | புதன், மாலை 3.30

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். சரியானதா என்று பார்க்கக் கட்டியபடியே கியர் போட்டு ஓட்டலாமா?

வல்வைக் கடலோடி | புதன், மாலை 4.00

மண்ணில அடிச்ச ஆணியில கட்டியிருந்தால் கூடாது தம்பி, நனைஞ்ச மண் ஆணியை விட்டுவிடும். கரையையும் அரித்துப்போடும். அக்கா நிற்கிற இடத்தில நிரந்தரக் கட்டைகள் இருக்கு, காவலரிடம் கேட்டுவிட்டு, ஒருத்தர் கயிற்றடியில நிற்கக் கொஞ்ச நேரம் செய்யலாம். பக்கத்தில வேறு படகு இருந்தால் வேண்டாம்.

நதியோடு இருவர் | வியாழன், காலை 11.20

போல்ட்டைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம். மூன்று அடுக்குப் பெயின்ட்டுக்கு அடியில் இருந்தது. தளர்த்தினதும் அரை நிமிடம் சீறியது, அந்தச் சத்தத்தைக் கேட்டு இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கிட்டத்தட்ட நாலு லிட்டர் உள்ளே போனது. இப்போது டேங்கின் மேல் விளிம்பு வரை ஒரே சூடு.

காவலரிடம் கேட்டுவிட்டு, கட்டியபடியே 1500 சுற்றில் இருபது நிமிடம் ஓட்டினோம். முள் 83இல் நின்றது. 1800இல் இன்னும் சோதிக்கவில்லை. சிவப்புப் பலகை இருக்கிறது, அவசரமும் இல்லை. நேற்று இரவு இவர் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார், இந்த வாரத்தில் முதல் முறையாக.

டீசல்கை | வியாழன், காலை 11.45

ரொம்ப சந்தோஷம் அக்கா. ஆனாலும் எட்டு சதுர அடி குறைவுதான். முழு வேகத்தில் நெடுநேரம் ஓட்ட இது போதாது. ஓடும் முதல் இரண்டு நாள் கழித்து அந்த போல்ட்டை மறுபடி ஒருமுறை தளர்த்திப் பாருங்கள், மிச்சக் காற்று வந்து சேர்ந்திருக்கும்.

நதியோடு இருவர் | அடுத்த புதன், மாலை 5.40

திங்களன்று மஞ்சள் பலகை, 'ஓட்டம் குறைகிறது' என்று. நேற்று பலகையே எடுத்துவிட்டார்கள். இன்று காலை கிளம்பினோம், மேலே அல்ல, கீழே. நங்கூரத்தைச் சங்கிலியோடு கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தோம். ஷிஃபோர்டு, நார்த்மூர், பிங்க்ஹில், ஐன்ஷம் நாலு லாக்கும் தாண்டி ட்யூக்ஸ் கட்டுக்குள் திரும்பும்போது ஆறு வியர் பக்கம் இழுத்தது. இவர் 1900 வரை வேகம் கொடுத்துத் திருப்பினார், முள் 86ஐத் தாண்டவில்லை. இப்போது கால்வாயில், அசையாத தண்ணீரில் கட்டி நிற்கிறோம்.

குளிர்காலத்தில் படகை வெளியே எடுத்து இரண்டாவது ஸ்கின் டேங்க் வெல்டு செய்யப் போகிறோம். பிரென்ட்ஃபோர்டு வழி இந்த வருடம் இல்லை, வந்த வழியே ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் திரும்புகிறோம். ஷிப்டன் வியர் லாக்குக்கு மேலே செர்வெல் ஆறு கால்வாயோடு சேரும் ஒரு மைல் இன்னும் பெருகித்தான் இருக்கிறதாம், அது வடியும்வரை இங்கேயே இருப்போம்.

மீரா, பாலுக்கும் அந்தப் புளியோதரைக்கும் நன்றி. உன் டப்பா என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை உல்வர்கோட் பக்கம்தான் நிற்போம், வந்து வாங்கிக்கொள்.